மேலே வராதே, வேலு

கூடாது. நேற்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டாய், நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். தங்கையின் கல்யாணத்துக்கு நீ மலைக்கு மேலே வரக் கூடாது. அவள் கையில் பொரி அள்ளிப் போட வேறு கை இருக்கிறது. உன் பெரியப்பா மகன் போடுவான். யார் போட்டாலும் பொரி பொரிதான். நீ வத்தலக்குண்டிலேயே இரு. அத்தை வீட்டு முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, வெக்கையைத் திட்டிக்கொண்டு, கொசுவை அடித்துக்கொண்டு, உயிரோடு இரு. பெற்றவள் பிள்ளையைப் பார்த்து வீட்டுக்கு வராதே என்று எழுதுகிறாள். எழுத வைத்துவிட்டாய்.

இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. ஊர்க் குழுவில் போடப் போகிறேன். விதைப்பூண்டு விலையும் சாவுச் செய்தியும் வருகிற அதே வாட்ஸ்அப் குழுவில். உன் மாத்திரையைப் பற்றி ஊர் உன்னைக் கேட்காமல் பேசியது. அதைப் பற்றி நான் ஊரைக் கேட்காமல் எழுதுகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். வெட்கத்தால் யாரும் செத்ததில்லை என்று எழுத வந்தேன். பேனாவை நிறுத்தினேன். நீ அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாய்.

உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஊரும் படிக்கப்போவதால் முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல். எல்லோருக்கும் போனது. உனக்குப் போகிறபோது இதயத்தைத் தளர்த்திவிட்டுப் போனது. தோட்டத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கினாய். கால் வீங்கியது. படுத்தால் இருமல். கொடைக்கானலில் பார்த்து, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். உன் இதயம் பெருத்து, தொய்ந்து, ஈரத் துணியை உதறுவதுபோல மெல்ல அசைந்தது. இது நெடுநாள் ஓடாது, வேறு இதயம் வைக்க வேண்டும் என்றார். நீ அழவில்லை. "அப்ப மாத்திருங்க மேடம்" என்றாய், பஞ்சரான டயரைப் பற்றிப் பேசுவதுபோல. அவரே சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார், உடனே மாற்ற முடியாது என்று. தடை இதயத்தில் இல்லை. நுரையீரலில்.

அந்த அம்மா விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. உன் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். "உங்க ஊர்ல ஓடையிலேர்ந்து தோட்டத்துக்குத் தண்ணி எப்படி ஏத்துவீங்க?" மோட்டார் போட்டு, என்றார் அப்பா. "மேல போற குழாய் சுருங்கிக் கெடந்தா?" மோட்டார் திணறும், என்றார். "பழைய மோட்டார்னா கொஞ்சம் கொஞ்சமாப் பழகியிருக்கும். திணறித் திணறி ஓட்டிரும். அன்னைக்குத்தான் புதுசா வாங்கி மாட்டுறீங்கன்னு வைங்க?" "அன்னைக்கே எரிஞ்சிரும்மா" என்றார் அப்பா. "அதேதான். இவரோட நுரையீரல்ல ரத்தக்குழாயெல்லாம் இறுகிப்போய் இருக்கு. உள்ள பிரஷர் அதிகம். இவரோட பழைய இதயம் அதுக்குப் பழகிருச்சு. புது இதயத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வச்ச அன்னைக்கே நின்னுரும்." எம்.ஏ. வரலாறு படித்தவள் நான். எனக்குப் புரிவதற்கு முன்பே உன் அப்பாவுக்குப் புரிந்தது. அவர் உன் தோளில் கை வைத்தார். அதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

கழுத்து நரம்பு வழியாகக் குழாய் விட்டு அழுத்தத்தை அளந்தார்கள். அதிகம்தான். குழாய் உள்ளே இருக்கும்போதே ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கியது. டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். மருத்துவர்களின் முகத்தைப் படிக்கக் கூடாது என்பார்கள், நான் படித்தேன். "இறங்குது. அப்படின்னா குழாய் கல்லாகிடலை, இறுக்கம்தான். இறுக்கத்தை மாத்திரையால தளர்த்தலாம். எல்லாருக்கும் தளரும்னு சொல்ல மாட்டேன். இவருக்குத் தளரும்னு நம்புறேன். சில மாசம் விடாமச் சாப்பிடட்டும், மறுபடி அளப்போம். இறங்கியிருந்தா இதயத்துக்குப் பேர் பதிவோம்." இன்னொன்றும் சொன்னார். மலை மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவு, குறைந்தால் நுரையீரல் குழாய்கள் தாமாகவே சுருங்கும், அதனால் கீழே இருக்க வேண்டும். அப்படித்தான் நீ அத்தை வீட்டுக்குப் போனாய். காய்கறி மண்டியில் உட்கார்ந்து பில் போடும் வேலையையும் தேடிக்கொண்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது இல்லை.

மாத்திரையின் பெயர் சில்டெனாஃபில், ஆண்மைக் குறைவுக்கும் கொடுக்கிற அதே மருந்து. எழுதிவிட்டேன். குழுவில் யாராவது இந்த இடத்தில் சிரித்தால் சிரித்து முடிக்கட்டும். டாக்டரம்மா அன்றே எச்சரித்தார். "இதை வேற காரணத்துக்கும் குடுப்பாங்க, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். யாராச்சும் கேலி பண்ணா பண்ணிட்டுப் போறாங்க. உங்களுக்கு இது நுரையீரல் மருந்து." நீ தரையைப் பார்த்தாய். அப்பா மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொன்னதற்காக இரண்டு ஆண்கள் அறை முழுக்க ஓடி ஒளிந்தார்கள். நான் அவர் கண்ணைப் பார்த்து, சரி என்றேன். அந்த அறையில் சரி என்று சொன்னது நான் ஒருத்திதான்.

பிறகு பாண்டி. நம் ஊர்க் காய்கறியைக் கீழே ஏற்றிப் போகிற வண்டிக்காரன். வத்தலக்குண்டு மருந்துக்கடையில் உன் பக்கத்தில் நின்று மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டான். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துக் கண்ணடித்தாராம். தலைவலி மாத்திரையைச் சுற்றுவதில்லை, இதை மட்டும் ஏன் சுற்ற வேண்டும் என்று நீ அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த வாரம் பூம்பாறை டீக்கடையில் வண்டி நின்றபோது நான் முன்சீட்டில் இருந்தேன். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டார்கள். "வேலுப்பய கீழ சும்மா இல்லடா, மாத்திரை போட்டுல்ல திரியுறான்" என்றான் பாண்டி. என்ன மாத்திரை என்று ஒருவன். "தெரியாத மாதிரியே கேக்குறான் பாரு. ஒனக்கும் ஒரு அட்டை வாங்கியாறவா? ஒன் வீட்டுக்காரி வேண்டாத சாமி இல்லையாம்ல." சிரிப்பு. "கல்யாணமாகாத பயலுக்கு அது எதுக்குடா?" "அதான் ஏலே நானும் கேக்குறேன்." மறுபடி சிரிப்பு. நான் இறங்கிப் போனேன். பாண்டி, அது நெஞ்சுக்குக் கொடுத்த மாத்திரை, என்றேன். அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றான், மரியாதையாக. "ஆமா மதினி, நெஞ்சுக்குத்தான். நாங்க வேற என்ன சொன்னோம்?" பின்னால் ஒருவன் டீயைத் துப்பினான், சிரிப்பை அடக்க முடியாமல். அந்த மரியாதையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வண்டியில் ஏறின பேச்சு மலையேறி வர எத்தனை நேரம் ஆகும். உன் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிற வீட்டிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். பூண்டு உலர்த்திய சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பூண்டை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே கேட்டார். "நெசமாச் சொல்லுங்க. பையனுக்கு இருதயந்தானா, இல்ல வேற பழக்கம் ஏதும் இருக்கா? தப்பா நெனைக்காதீக. நாலு பேரு கேக்குறாக." இதயம்தான் என்றேன். மோட்டார், குழாய், எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினார். "இருக்கும், இருக்கும்" என்றார். அந்த இருக்கும் எனக்குள் இன்னும் கிடக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த உன் தங்கை அதை ஒரு வேடிக்கையாக நினைத்தாள். அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டு சம்பந்தியம்மாவைப் போலவே பேசிக் காட்டினாள். நீ சிரித்ததாக என்னிடம் சொன்னாள். நீ சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு மாத்திரையை நிறுத்தினாய்.

நிறுத்தியதைக்கூட ஒரு பக்கம் வைக்கிறேன். தங்கையின் கல்யாணம் தன்னால் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தாய். முட்டாள்தனம், ஆனால் எனக்குப் புரிகிற முட்டாள்தனம். புரியாதது அடுத்தது. போன வாரம் மறுபடி குழாய் விட்டு அளந்தார்கள். அழுத்தம் இறங்கவே இல்லை. டாக்டரம்மா முடிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "அன்னைக்கு மருந்து குடுத்ததும் இறங்குச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு உன்னிடம், "ஒரு வேளைகூட விடாமச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நான் உன் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். "சாப்பிட்டேன் மேடம்" என்றாய். கண்ணைப் பார்த்துச் சொன்னாய். மாத்திரையைப் பற்றிப் பேசியபோது தரையைப் பார்த்தவன், பொய் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தாய். அவர் நம்பினார். நானும் நம்பினேன். மாத்திரை இவருக்குக் கேட்கவில்லை, நுரையீரல் நிரந்தரமாக இறுகிவிட்டது போலிருக்கிறது, எல்லா மருத்துவர்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், இதயம் மட்டும் வைப்பது சிரமம் என்றார். திரும்பி வரும் பேருந்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நீ எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாய். அதை நினைத்தால் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. துக்கத்தில் இல்லை.

நேற்று போனில் என்ன பேசினோம் என்பதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு அப்படிச் சொல்லவில்லை என்பாய். "அதான் இதயம் கெடைக்காதுன்னு ஆயிருச்சேம்மா. இனி கீழ கெடந்து என்ன. தங்கச்சி கல்யாணத்துக்காச்சும் வந்துட்டுப் போறேன்." மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பார்க்கலாமே என்றேன். மண்டியில் யாரோ வெண்டைக்காய் விலை கூவுவது கேட்டது. "சாப்பிட்டாத்தானம்மா" என்றாய். எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், டாக்டரம்மாவிடம் போய்ச் சொல், இப்போதே சொல், என்றேன். "எப்படிம்மா சொல்றது? ஒரு பொம்பளைகிட்டப் போயி, அந்த மாத்திரையச் சாப்பிட வெக்கமா இருந்துச்சு, தங்கச்சி போன்ல நடிச்சுக் காட்டுன அன்னைக்கே விட்டுட்டேன்னா? மானம் போயிராதா? அவுக என்ன நெனைப்பாக?" இதுதான் உன் கவலை. அவர்கள் என்ன நினைப்பார்கள். அவர்கள் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? உன் நுரையீரல் கல்லாகிவிட்டது என்று. மருந்து தோற்றுவிட்டது என்று. அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் உன் பெயரை எழுதலாமா வேண்டாமா என்று பேசப் போகிறார்கள். மருந்து தோற்கவில்லை. மருந்து உன் பெட்டிக்குள் கிடக்கிறது.

உன்னை எல்லோரும் பொறுமைசாலி என்பார்கள். பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு வருஷம் முழுக்கச் சின்ன செருப்பைப் போட்டு நடந்தாய். அந்த வருஷம் பூண்டு அழுகிவிட்டது, அப்பாவிடம் கேட்கக் கூடாது என்று நீயே முடிவு செய்திருந்தாய். விரல்கள் மடங்கி, நகம் கறுத்து, நீ நொண்டியபோதுதான் தெரிந்தது. ஊர் மெச்சியது. அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எனக்கு அன்றும் கோபம்தான் வந்தது, செருப்பைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். நினைவிருக்கிறதா? வாயைத் திறந்து கேட்கத் தெரியாதவனை நல்ல பிள்ளை என்கிறார்கள். கேள், வேலு. வலித்தால் வலிக்கிறது என்று சொல். கேலி செய்தால், நிறுத்து என்று சொல். கடைக்காரர் சுற்றிக் கொடுத்தால் காகிதத்தைப் பிரித்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வா. இந்த வயதில் உனக்கு நான் சொல்லித் தர வேறு ஒன்றும் இல்லை.

இந்த மாதிரிக் கடிதங்களில் பெற்றவர்கள் தங்கள் தவறுகளையும் எண்ணிச் சொல்வார்கள். நானும் தேடிப் பார்த்தேன். உன்னைத் தனியாக விட்டது, தினமும் விசாரிக்காதது. கிடைத்ததெல்லாம் சின்னது. பெரியது உன்னுடையது. அதை நான் பங்கு போட்டுக்கொள்ள மாட்டேன். மானம் என்றாய் போனில். மானம் எங்கே இருக்கிறது உனக்கு? பாண்டியின் வாயிலா? சம்பந்தியம்மாவின் இருக்கும் என்ற சொல்லிலா? அதைக் காப்பாற்ற நுரையீரலைக் கொடுத்தாய். இந்த வியாபாரத்தில் பாண்டிக்கு ஒன்றும் தெரியாது, அவன் வேறு கதைக்குப் போய் மாதக்கணக்காகிறது. உன்னைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. டீக்கடை ஓரத்துக் கூட்டத்துக்கு ஒரு டீ நேரச் சிரிப்பு, அவ்வளவுதான் நீ.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப் போட்டு வந்தேன். உனக்கு ஒரு நாள் வரப்போகிற இதயம் இப்போது யாருடைய மார்பிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் எங்கோ பைக் துடைத்துக்கொண்டிருப்பான், அல்லது அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று கும்பிடுவதா, வேறு எதையாவது கும்பிடுவதா என்று தெரியாமல் நான் விளக்கேற்றுவதையே நிறுத்திவிட்டேன். ஒரு நாள் எங்கோ ஒரு தாய் கையெழுத்துப் போடுவாள். மூளை செத்த பிள்ளையின் கை இன்னும் சூடாக இருக்கும்போது போடுவாள். அவள் கொடுப்பது இறுகிய குழாயில் மாட்டி எரிந்துபோகக் கூடாது என்றுதான் டாக்டரம்மா இத்தனை கறாராக அளக்கிறார். உன் ஒருவனுக்காக மட்டும் அளக்கவில்லை. நீ சொன்ன பொய் அந்தத் தாயின் முகத்தில் சொன்ன பொய். யோசித்தாயா இதை? நீ யோசிக்க மாட்டாய். நீ வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாய்.

உன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருதாணி அரைத்துக்கொண்டிருந்தாள். தான் போனில் நடித்துக் காட்டியதுதான் காரணம் என்று தெரிந்ததும் கையை அம்மியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, கையைக் கழுவி, சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டாள். நான் தடுக்கவில்லை. "அயித்தை, எங்கண்ணன் சாப்பிடுறது நீங்க நெனைக்கிற அதே மாத்திரைதான். இருதயத்துக்காகச் சாப்பிடுறான். இனிமேலும் சாப்பிடுவான். ஒத்துக்கிட்டா மேல பேசுவோம்." அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள், "கல்யாணத்துல இல்லாட்டிப் போகுதும்மா. அவன் ஒலகத்துல இருந்தாப் போதும்." உன்னைவிட நான்கு வயது சின்னவள். உனக்காக நீ செய்யாததை அடுப்பங்கரையில் நின்று செய்துவிட்டாள்.

டாக்டரம்மாவிடம் நீயே போய்ச் சொல்வாய் என்று காத்திருக்க எனக்கு நேரமில்லை. சொல்வாய் என்ற நம்பிக்கையும் இல்லை. "நாம போய்ச் சொன்னா ஏசுவாகளே" என்றார் உன் அப்பா. ஏசட்டும். தப்பாகச் சாப்பிட்டவனை ஏசுவார்கள், சாப்பிடாதவனை இன்னும் ஏசுவார்கள், ஏசிவிட்டு மறுபடி மருந்து எழுதுவார்கள். மறுபடி கொடுத்துப் பார்த்தால் இறங்கலாம். இறங்காமலும் போகலாம். அப்போது அழுவேன், உன்னோடு சேர்ந்து. இப்போது இல்லை.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று வெள்ளனே கிளாவரையிலிருந்து கிளம்பும் பேருந்தில் ஏறினேன். கொடைக்கானலில் மதுரை வண்டி பிடித்தேன். வத்தலக்குண்டில் நின்றபோது இறங்கவில்லை, உன்னைப் பார்த்தால் இளகிவிடுவேன். டாக்டரம்மாவின் அறையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் வெளியே போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. மாத்திரையின் பெயரைச் சொல்லி, என் மகன் இதைச் சாப்பிடவில்லை, சாப்பிட்டதாகச் சொன்னது பொய் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். கீழே வந்து மருந்துக்கடை வரிசையில் நின்று மாத்திரை வாங்கினேன். சுற்ற வேண்டாம் என்றேன். இந்தக் கடிதத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, திரும்புகிற பேருந்தில் வத்தலக்குண்டுக்குச் சீட்டு எடுக்கப் போகிறேன்.